எதை முதலில் போடுவது

அக்காவின் லேப்டாப்பில் மாலை ஷிப்ட் குற்றவாளி. என்னுடையதில் நிரபராதி.

எண்கள் இரண்டிலும் ஒன்றுதான். அவளுடைய செருப்புத் தொழிற்சாலையில், ஒட்டிய அடிப்பாகம் எவ்வளவு இழுத்தால் பிரிகிறது என்று அளந்தவை. ஒட்டு பலவீனமானதில் ஷிப்டுக்கு எவ்வளவு பங்கு, மெஷினுக்கு எவ்வளவு பங்கு என்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டிச் சொன்ன மென்பொருள்கள்தான் வேறு வேறு.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவின் அறிக்கை மேனேஜர் கைக்குப் போகிறது. அவள் கணக்குப்படி போனால் மாலை ஷிப்டை மூடிவிடுவார்கள். அத்தனை பேருக்கும் வேலை போய்விடும்.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மாலை வகுப்பில் சேர்ந்து ஒரு பருவம்கூட முடிக்காதவள் நான்.

இரண்டு விடைகளையும் வரி வரியாக ஒப்பிட்டேன். மெஷின் வரி ஒத்துப்போனது. மொத்தமும் ஒத்துப்போனது. ஷிப்ட் வரி மட்டும் இடித்தது.

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அக்கா, வகுப்புக்குப் படிக்கப் போகிறாயா, தூங்கப் போகிறாயா, முதலில் எது என்று கேட்டாள்.

முதலில் எது. அப்போதுதான் உறைத்தது. மாலை ஷிப்டுக்குப் பெரும்பாலும் பழைய மெஷின்தான் கிடைக்கிறது. ஷிப்டின் பழியும் மெஷினின் பழியும் பின்னிக் கிடக்கின்றன. அக்காவின் மென்பொருள், அந்தப் பொதுப் பழியை யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் தலையில் கட்டிவிடுகிறது. என்னுடையது, மற்றதன் பங்கைக் கழித்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் பார்க்கிறது.

அவள் ஷிப்டை முதலில் போட்டிருந்தாள்.

அவள் லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். மெஷின் முன்னால், ஷிப்ட் பின்னால்.

ஷிப்ட் வரி ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போனது. கடைசி இலக்கம் வரை என்னுடைய எண்.

நான் போட்ட கூச்சலில், என்ன உடைந்தது என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அக்கா நம்பவில்லை. தானே மாற்றிப் போட்டாள், திருப்பிப் போட்டாள். அப்புறம் அறிக்கையின் கடைசிப் பத்தியை முழுக்க அழித்துவிட்டு, பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்கச் சொல்லி எழுதினாள்.

"ஏன்க்கா ஷிப்டை முதல்ல போட்டே?"

"மெஷின் மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிக்கிறாள்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்லடி."

விசிலடித்தபடி, 'மேற்பார்வையாளர், மாலை ஷிப்ட்' என்ற அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.