கோபுரத்தில் இரண்டு முட்டை

அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

மின்கோபுரத்தின் உச்சியில் சுள்ளிக் கூடு. விளிம்பில் பெண் கடல்கழுகு. ஆண் கழுகு உப்பளத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து வந்து, மீனைக் கூட்டில் போட்டது.

பதினாறு நாளாக இதே கூத்துதான். அவன் கொண்டுவருவான். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பாடா!" என்றாள் வாய்விட்டு.

அடுத்தவர் காதலை எட்ட இருந்து பார்த்து நோட்டில் எழுதுவது. வனத்துறையில் அவளுக்கு அதுதான் வேலை.

இரண்டு கழுகும் மேலே எழும்பின. கால்களைக் கோத்துக்கொண்டு சுழன்று சுழன்று விழுந்தன. தரைக்குச் சற்று மேலே வந்து பிரிந்து பறந்தன.

"பாத்தீங்களா, சண்டை," என்றார் பக்கத்தில் நின்ற மின்வாரிய சூப்பர்வைசர். "இனி எங்க சேரப்போகுது? ஏல மிக்கேலு, கூட்டை எறக்கு."

"சண்டை இல்ல சார். கல்யாணப் பேச்சு."

"பேசட்டும். முட்டை இருக்கா இல்லையா?"

முட்டை இருந்தால் கூட்டைத் தொடக்கூடாது. இல்லையென்றால் இன்றே பிரித்துப்போட்டுவிட்டுக் கம்பியில் மின்சாரம் விடலாம். உத்தரவு அப்படி.

முட்டை இல்லை. அவளுக்குத் தெரியும். பெண் இன்னும் ஒருநாள்கூட அடையில் உட்காரவில்லை.

இன்னும் பத்து நாள் பொறுத்தால் போதும். யாரிடம் போய்க் கேட்க?

கோபுரம் ஏறுகிற மிக்கேல் இடுப்பில் கயிற்றை மாட்டினான். அவனும் பதினாறு நாளாக ஒரு டிபன் பாக்ஸை அவள் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறான். அவனே பொரித்த சீலா மீன். வாசனையே சொல்லும். "சாப்பிட்டாச்சு" என்று மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பாள். மனுஷன் சளைத்தால்தானே!

ஏறும்முன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான்.

உச்சிக்குப் போனான். கூட்டை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு முட்டை கெடக்கு சார்!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சூப்பர்வைசர் லேசுப்பட்டவரா? "என்ன கலர்ல?"

மிக்கேல் மேலிருந்து அவளைப் பார்த்தான்.

பாவி மனுஷன், கழுகு முட்டையை என்றைக்குக் கண்டான்!

சூப்பர்வைசர் அண்ணாந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் அவள் தன் வெள்ளைத் துப்பட்டாவை எடுத்தாள். வெயிலுக்குப் போடுகிறவள்போல் இரண்டு தடவை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளை சார்! வெள்ளைவெளேர்னு இருக்கு!"

சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார். "சரியா?"

"சரிதான் சார்."

நோட்டில் எழுதினாள். இரண்டு. வெள்ளை. அந்த நோட்டில் அவள் எழுதிய முதல் பொய். எழுத்து எப்போதும்போல் நேராகவே விழுந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனார்.

மிக்கேல் இறங்கி வந்தபோது டிபன் பாக்ஸின் மூடி ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. அவள் இரண்டாவது துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நிமிரவில்லை.

"நாளைக்கு உப்பைக் கொஞ்சம் கொறைங்க."