பெரியப்பாவின் திவசம்

"ஐயரை நிப்பாட்டச் சொல்லுங்கோ அப்பா. பெரியப்பா சாகேல்லை."

வாசலில் நின்று சொன்னவள் சாம்பவி. முதுகில் அவளைவிடப் பெரிய பை. மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. பாரிஸில், மாசி மாதக் குளிரில், யாருக்காவது மூக்கு உரியுமா?

வாழையிலைக்கு முன்னால் தர்ப்பை மோதிரத்தோடு இருந்த தவரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். பாரிஸில் ரூ காய் என்கிற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கடையை மாசி அமாவாசைக்கு மட்டும் பூட்டிவிட்டு, அண்ணன் குலசிங்கத்துக்குத் திவசம் கொடுப்பார். தொண்ணூற்றொன்றில் கனடாவுக்கென்று கப்பலேறிய அண்ணன் கரை சேரவேயில்லை. இருபத்திரண்டு வருடமாக இது நடக்கிறது. யார் பேரில் என்று ஐயர் கேட்கும்போதெல்லாம், "குலசிங்கம்" என்று சொல்ல அவருக்குக் குரலே வராது. பாசமென்றால் இதுவல்லவா பாசம் என்று ஐயரே பல வீடுகளில் சொல்லியிருக்கிறார்.

அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு தவரத்தினம் இரண்டு காரியங்களை அடியோடு விட்டுவிட்டார். ஒன்று, கடலில் கால் வைப்பது. மற்றது, ஊர்க்காரர் கூடுகிற சங்கங்களுக்குப் போவது. ஊர் முகங்களைக் கண்டால் அண்ணன் நினைவு வந்துவிடுமாம். முதலாவது சட்டம் மகளுக்கும் சேர்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் கடற்கரைக்குக் கூட்டிப்போன நாட்களில்கூட அவள் வீட்டில்தான் இருந்தாள்.

கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்த வள்ளிநாயகிக்கு மகளின் மூக்குதான் முதலில் கண்ணில் பட்டது. சிநேகிதி செசிலோடு லியோன் நகரில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனவள் இவள்.

"நீ எங்கையடி போனனீ?"

சாம்பவி ஒளிக்கவில்லை. கரீபியன் கடலில், குவாதலூப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தீவு. ஆளுக்கொரு பை, தங்க ஒரு மரக்குடில், படுக்க மரங்களுக்கிடையில் கட்டிய வலைத் தொட்டில். பத்து நாளும் மணிக்கூடே பார்க்கவில்லையாம். பொரித்த மீனும் சோறும் சாப்பிடுவது, கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புறக் கிடந்து ஆமை பார்ப்பது. வேறு வேலையில்லை. சொல்லச் சொல்லத் தவரத்தினத்தின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

கடைசி நாள் கரையேறும்போது காலில் முள் ஏறிவிட்டது. அவள் "ஐயோ அம்மா" என்று கத்தியிருக்கிறாள். முகமூடிகளை வாடகைக்குக் கொடுக்கிற கிழவர், அதுவரைக்கும் பிரெஞ்சு மட்டும் பேசியவர், மணலில் குந்திக்கொண்டு சொன்னாராம்: "காலைக் காட்டு பிள்ளை."

"யாழ்ப்பாணத் தமிழ் அப்பா. முள்ளை எடுக்கேக்கை கையைப் பார்த்தனான். முழங்கைக்குக் கீழை அந்தத் தழும்பு. எங்கடை பெரியப்பா படத்தில இருக்கிற அதே தழும்பு."

சந்தேகத்தில் எதையும் போனில் சொல்லக்கூடாது, வீட்டுக்கு வந்து படத்தோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது போனை எடுத்து, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். முப்பத்தெட்டு வயது மனிதர், நரைத்த தாடிக் கிழவர். அதே நெற்றி, அதே தழும்பு.

பதினொரு மணிக்குப் புறநகர் லெ பிளாங்-மெனிலில் இன்னொரு வீட்டுத் திவசம் இருக்கிறது என்று அவசரப்பட்ட ஐயரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

தவரத்தினம் போனை வாங்கினார். "அண்ணைதான்," என்றவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழுகை பிறகுதான் வந்தது, பெரிதாக.

வள்ளிநாயகி ஓடிப்போய்ப் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு இத்தனை வருடம் எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். இதற்கு என்ன பரிகாரம் என்று ஐயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அப்பா, பாவம், அவருக்கு ஞாபகம் கொஞ்சம் குழம்பிப்போச்சுது," என்றாள் சாம்பவி. "நீங்கள் குலசிங்கமோ எண்டு கேட்டனான். அழத் தொடங்கிட்டார். தன்ரை பேர் தவரத்தினமாம். குலசிங்கம் தம்பியாம். அவன் பாரிஸில எங்கையோ இருக்கிறான், தேடித் தா எண்டு கையைப் பிடிச்சவர். எத்தினையோ பேரிட்டைச் சொல்லித் தேடினவராம், அந்தப் பேரில இஞ்சை அப்பிடி ஒருத்தருமில்லையெண்டு சொல்லிப்போட்டினமாம். அதுக்கிடையில படகுக்கு நேரமாச்சு."

அண்ணன் தம்பி பேர் இரண்டும் அவருக்கு மாறிவிட்டது, கடலில் கிடந்து என்ன பாடுபட்டாரோ என்று வள்ளிநாயகி கண்ணைத் துடைத்தாள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். பயப்பட ஒன்றுமில்லை, குலசிங்கத்தின் பேரில் ஓர் ஆயுள் ஹோமம் செய்தால் தோஷம் தீர்ந்துவிடும் என்றார். ஆளை நேரில் இருத்திச் செய்தால் நல்லது, அவரைப் பாரிசுக்குக் கூப்பிட எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

தவரத்தினம் தர்ப்பை மோதிரத்தைக் கழற்றி இலையில் வைத்தார். மனைவியையும் மகளையும் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை ஐயா, இப்பவே செய்யுங்கோ. அண்ணை தன்ரை பேரில இருந்த பாஸ்போட்டைத் தந்துதான் என்னை இஞ்சை அனுப்பினவர். இருபத்திரண்டு வருசமா நீங்கள் பிண்டம் வைச்ச குலசிங்கம் நான்தான்."