கட்டிலின் இடப்பக்கம்

"ஏய் அமலு, எழுந்திரு. விழுப்புரம் வந்துடுச்சி."

திண்டிவனத்தில் பஸ் ஏறி, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் தூங்கிவிட்டவள் அமல்ராணி. புருஷன் தொம்மை முழங்கையால் இடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

தூக்கத்தைப் பரிசோதிக்கப் போகிற வழியிலேயே இந்தக் கூத்து. தொம்மைக்கு எரிச்சலாக வந்தது.

அமல்ராணி பள்ளிக்கூட வேனில் ஆயா. போன மாதம் அவள் அசந்து தூங்கியதில், ஒரு குழந்தை தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. 'தூக்க வியாதி இல்லைன்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டா, இல்லன்னா வேலைக்கு வராதே' என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விவரம் சொன்னாள்.

"ராத்திரி இங்கயே படுக்கணும். தலையில ஒயரு, நெஞ்சுல பெல்ட்டு, மூக்குல டியூப் மாட்டுவோம். எவ்ளோ நேரம் தூங்குறீங்க, மூச்சு ஒழுங்கா வருதா, எல்லாம் மெஷின்ல ஏறிடும். கேமராவும் இருக்கு. கூட வந்தவங்க வெளி ஹால்ல படுத்துக்கலாம்."

"இவரு பக்கத்துல யாராச்சும் இருப்பாங்களா?" என்று கேட்டாள் அமல்ராணி.

"நான் இன்னா பச்சக் கொழந்தையா? ஜல்தியா உள்ள போ," என்றான் தொம்மை.

"விடிய விடிய செக்யூரிட்டி அங்கதாம்மா உக்காந்திருப்பாரு," என்று நர்ஸ் சிரித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் அமல்ராணி உள்ளே போனாள்.

மறுநாள் காலை, டாக்டர் கலையரசி வாயைத் திறக்குமுன் தொம்மை முந்திக்கொண்டான்.

"பெரிய பேஜாரு டாக்டர். சோறு வடிச்சிக்கினே தூங்குறா. பூசையில முட்டி போட்டுக்கினே தூங்குறா. நான் நாள் பூரா சாரத்துல நின்னு சுவரு பூசுறவன். ராத்திரி பொணம் மாதிரி தூங்குவேன், பகல்ல கண்ண மூடறதில்ல."

"இவங்களுக்கு வியாதி எதுவும் இல்லைங்க. எட்டு மணி நேரம் முழிக்காம தூங்கியிருக்காங்க. மூச்சும் சீரா இருக்கு. சர்டிபிகேட் தர்றேன்."

"அப்ப ஒடம்புல கொழுப்புதான்."

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை. இதைப் பாருங்க."

டாக்டர் திரையைத் திருப்பினார். அமல்ராணி ஒயர்களோடு தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுடைய இடது கை மட்டும் எழுந்து கட்டில் ஓரத்தைத் தடவியது. யாரையோ எழுப்புவதுபோல் மெத்தையை நாலு தட்டு தட்டிவிட்டு அடங்கியது. டாக்டர் படத்தை முன்னால் ஓட்டினார். மறுபடி அதே கை, அதே நாலு தட்டு.

"ராத்திரி முழுக்க இப்படித்தான். வீட்ல உங்களுக்கு இடப்பக்கம் யாரும்மா படுப்பாங்க? குழந்தையா?"

அமல்ராணி தயங்கினாள்.

"இவருதாங்க. தூக்கத்துல அப்பப்ப மூச்சு நின்னு போவுது. தட்டுனா வந்துடும். ஆறு வருசமா ராத்திரியில முழிச்சி முழிச்சி தட்டிக்கினு இருக்கேன்."

டாக்டர் ஒரு புதுச் சீட்டை எடுத்து, அதில் தொம்மையின் பேரை எழுதினார். தொம்மை அமல்ராணி பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெனம் சாரம் ஏறுற ஆளு நீங்க. மனசுல பயம் பூந்துட்டா, அம்மாம் ஒசரத்துல கால் நிக்குமா?"