ஐம்பத்தெட்டுப் பெயர்கள்

"ஐம்பத்தெட்டுப் பேரு, ஃபாதர். அத்தனை பேரையும் என் பையன் மைக்ல வாசிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். பரிசளிப்பு விழாவுக்கு வேற யாரையாவது போடுங்க."

எதிரே வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கேட்டான்."

"அவனாவா கேட்டான்?"

பதிலுக்கு ஒரு தலையசைப்பு.

வந்தவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று பிசிறில்லாமல் சொல்கிற வெண்கலக் குரல். அவருக்குப் பிறந்த பிள்ளைக்குப் பேச்சு திக்கும். யாரை நொந்துகொள்வது? பழைய பள்ளியில் ஒருநாள் பெயர் கேட்டபோது, தன் பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் பிள்ளை வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. இந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் கொஞ்சம் பேச ஆரம்பித்திருக்கிறான். மறுபடி நின்றுபோனால்?

"கணக்குல முதல் பரிசு தர்றீங்க, ரொம்ப சந்தோஷம். சத்தம் போடாம வாங்கிட்டு இறங்கட்டும். மைக் மட்டும் வேண்டாம், ஃபாதர். ஆயிரம் பேர் முன்னால சிரிச்சுட்டா அவன் தாங்கமாட்டான். நானும் தாங்கமாட்டேன்."

ஃபாதர் மேசைமேல் இருந்த பரிசுப் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வாசிப்பான்."

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாக்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பக்கத்து மாதா கோயிலில் இதே மனிதர் பாடகர் குழுப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததை அறிவிப்பாளர் கேட்டிருந்தார். கணீரென்று, ஒரு இழைகூடப் பிசகாத குரல். குரலை வைத்தே பிழைப்பவரான அவரே அசந்துபோனார். அப்படிப்பட்ட மனிதருக்குப் பிள்ளையைப் பெற்றவனிடம் நாலு வார்த்தை பேச மட்டும் மனசு வரவில்லை.

"நீங்க கணீர்னு பாடறீங்க. திக்கறவன் படற பாடு உங்களுக்கு எங்கே தெரியப்போகுது?"

ஃபாதர் சிரித்தார். எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது மாதிரி இருந்தது. பிறகு எழுந்து வந்து, அவர் தோளில் கைவைத்து வாசல்வரை நடத்திக்கொண்டு போனார்.

"சரியான தலைக்கனம் பிடிச்ச மனுஷன்," என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினார். "எது கேட்டாலும் ஒத்தை வார்த்தை."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்தான். "எ… எங்க ஃபாதரா? அவர் சூ… சூப்பரா பேசுவார்ப்பா. கா… காலைல அவர் பேசினா எல்லாரும் அப்படியே கேட்டுட்டு இருப்போம்."

"உங்ககிட்ட பேசுவாருடா. என்னை மாதிரி ஆளுங்ககிட்ட பேசினா கௌரவம் குறைஞ்சிடும்."

விழா நாள் வந்தது. எண்ணூறு பையன்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலிகளில் பெற்றோர். மகன் பட்டியலோடு மைக் முன்னால் போய் நின்றான். அறிவிப்பாளர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

முதல் பெயரின் முதல் எழுத்திலேயே பையன் மாட்டிக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்புச் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

கண்ணைத் திறந்தால், எண்ணூறு பேரும் காத்திருந்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருப்பவனை இடிக்கவில்லை, ஒருவன் எடுத்துக்கொடுக்கவில்லை. பரிசுக்காரன் மேடையடியில் நின்றான். பெயர் முழுசாக வந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்த மேடைக்குப் படியே கிடையாது. எல்லோருக்கும் ஒரே சரிவுப் பாதைதான். அதில் உயரம் தாண்டி ஜெயித்தவன் ஏறினான். பார்வையில்லாமல் சதுரங்கத்தில் வென்றவன் ஏறினான். ஓவியப் பரிசுக்காரன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஏறினான். போன வருஷம் மூன்று பாடத்தில் கோட்டைவிட்டு, இந்த வருஷம் எல்லாவற்றிலும் தேறியவனுக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய கைதட்டல். என்ன பிள்ளைகள் இவர்கள் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

நாற்பத்தோராவது பெயர் மகனுடையது. உலகத்திலேயே அவனுக்குக் கஷ்டமான சொல் அதுதான். மாட்டினான். மூச்சு வாங்கினான். மறுபடி மாட்டினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணூறு பேரும் அசையவில்லை. கடைசியில் அவன் பெயர் முழுசாக, தெளிவாக வந்தது. பையன்கள் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அறிவிப்பாளர் வெட்கப்படாமல் அழுதார்.

ஐம்பத்தெட்டும் முடிந்தது. விடிந்துவிடவில்லை.

"இ… இப்போ நம்ம ஃபாதர் பேசுவார்," என்று சொல்லிவிட்டு மகன் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஃபாதர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அ… அ… அன்… அன்பான பெ… பெ… பெற்… பெற்றோரே…"

அறிவிப்பாளர் திறந்த வாயை மூடவில்லை. பாடும்போது ஒரு இழைகூடப் பிசகாத அதே குரல்தான், பேச்சில் திக்கியது. அரங்கம் சற்று முன்பு எப்படிக் காத்திருந்ததோ, அப்படியே அவருக்கும் காத்திருந்தது.

அறிவிப்பாளர் மகன் பக்கம் குனிந்தார். "ஏண்டா, ஒரு வருஷமா இங்கே படிக்கறே. ஃபாதரைப் பத்தி என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே?"

மகன் மேடையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"எ… எதைப்பா?" என்றான்.