கொள்ளுத்தாத்தா ஊர் எது?

"மாமாவா? அந்த முறையெல்லாம் அப்பால. ஒன் கொள்ளுத்தாத்தா ஊரு இன்னா, அத்த மொதல்ல சொல்லு" என்றார் அம்புரோஸ்.

நெல்சன் விழித்தான். தண்டையார்பேட்டை கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் அவனுக்குச் சொந்த ஊர் என்றால் ராயபுரம்தான். பெண் கேட்டு வந்த இடத்தில் சரித்திரப் பரீட்சை வைப்பார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினாரு அங்கிள். அவுங்க அப்பா எங்கியோ கிராமத்துல பயிர் பண்ணிகினு இருந்தாராம்."

"எங்கியோன்னா? வேரு தெரியாத வூட்டுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன். காட்டுப்பள்ளில கப்பல் கட்ற எடத்துல வேலை செய்ற பையன் ஒருத்தன் கேட்டுகினு கீறான். ஈஸ்டருக்குள்ள எழுத்துல கொண்டா. இல்லாங்காட்டி அவனுக்கே பேசி முடிச்சிடுவேன்."

கதவோரம் நின்ற ஜானட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மா சிலுவையம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"மூக்கும் முழியும் ரெண்டு பேருக்கும் ஒரே அச்சா கீதுங்க. ஜோடிப் பொருத்தம்னா இதான். அதைப் போயி கெடுக்கறியே" என்றாள். அம்புரோஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெல்சனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்பா உயிரோடு இல்லை, அம்மாவுக்கோ மாமனார் பெயரைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கோயிலில் கெஞ்சிக் கூத்தாடித் தாத்தாவின் கல்யாணப் பதிவைத் தேடி எடுத்தான். 'தகப்பன் அந்தோணிமுத்து, மதுராந்தகம் தாலுகா' என்று அதோடு நின்றுவிட்டது.

தாலுகாவில் எத்தனையோ கிராமம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி, கோயில் கோயிலாகக் கேட்டுப் பார்த்தான். ஓரிடத்தில் பழைய ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது, இன்னோரிடத்தில் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. நிலப் பதிவைக் கேட்டுப் போன ஆபீஸில், "அடுத்தவன் நிலத்துல உழுதவனுக்கு ஏதுப்பா பட்டா?" என்று சிரித்தார்கள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரமே பாக்கி, குருத்து ஞாயிறும் வந்துவிட்டது. சாகும்வரை ஏர் பிடித்த ஒரு மனுஷன் இப்படியா சுவடில்லாமல் போவான் என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதான். தாத்தா இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லையே.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடைசியாகப் போன நல்லேரிப்பட்டு கோயில் ஏட்டில் அந்தோணிமுத்து அகப்பட்டார். அங்கிருந்த பாதிரியார் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துத் தன் கையாலேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். நெல்சன் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து நேராக அம்புரோஸ் வீட்டுக்குள் நுழைந்தான்.

அம்புரோஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"பயிர்த்தொழில்தான் அங்கிள். மழை இல்லாத வருசத்துல தாத்தாதான் அவரு அண்ணனோட சண்டை போட்டுகினு மெட்ராஸ் வந்துட்டாராம், ஊர்ல ஒரு பெருசு சொல்லிச்சு. அந்த அண்ணன் ஞானஸ்நானத்தையும் ஃபாதர் தேடிப் புடிச்சு கீழ எழுதிக் குடுத்துருக்காரு."

அம்புரோஸ் அந்த அண்ணனின் பெயர்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

"இது நெசந்தானா?"

"கோயில் முத்திரை கீது பாருங்க. நீங்க கேட்ட வேரு கெடைச்சிடுச்சு. இனிமே நீங்கதான் ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்."

அவர் முகத்தில் பழைய வீம்பு ஒரு பொட்டுகூட இல்லை. நெல்சனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தோளில் கை போட்டார். சுவரில் மாலை போட்டிருந்த தன் அப்பா படத்தை ஒரு தரம் பார்த்தார். கல்யாணம் கூடிவிட்டது என்று நெல்சனுக்குக் கண் கலங்கியது. கதவோரம் ஜானட் முகத்திலும் அத்தனை நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

அம்புரோஸ் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜானட்... ஒங்க அண்ணனுக்குக் காப்பி கொண்டாம்மா."