சிவப்பில் கறுப்பு

இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது.

அவன் திருப்பி அடிக்கவில்லை.

பதினோரு வருடமாக ஸ்பீக்கர்களைக் கேட்டு விமர்சனம் எழுதுகிறான். எழுதியதில் ஒரு வரியைக்கூட யாருக்காகவும் மாற்றியதில்லை. இன்றைக்கும் மாற்றுவதாக இல்லை. செத்தாலும் சரி.

“என்ற பொட்டியில பேஸே இல்லியா? பாடறவ நிக்க எடமில்லாம அலையறாளா? எழுதுவியாடா?”

கேட்டுக்கொண்டே குழந்தைவேலு மூன்றாவது முறை அறைந்தார். அந்த ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்தவர் அவர்தான். நாலு வருட உழைப்பு. விமர்சனம் வந்த ஒரே வாரத்தில், வாங்குவதாகச் சொன்ன அத்தனை பேரும் கைவிரித்துவிட்டார்கள். மனிதருக்கு வயிறு எரியாதா?

அவனை அவன் வீட்டுச் சோபாவிலேயே தள்ளினார். விமர்சனத்துக்கு அனுப்பிய பெட்டிகள் இன்னும் அங்கேதான் இருந்தன. பெட்டிகளின் பின்னால் போய் ஒயர்களை வெறியோடு பிடுங்கினார். எது எதில் இருந்தது என்று பார்க்கவில்லை. தன் கையாலேயே நிறம் பார்த்துத் திரும்ப மாட்டினார். சிவப்பில் சிவப்பு. கறுப்பில் கறுப்பு.

“இப்பக் கேளு.”

பாட்டு எழுந்தது.

மிருதங்கம் நெஞ்சில் வந்து விழுந்தது. பாடுகிறவள் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில், ஆடாமல் அசையாமல் நின்றாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இடது பெட்டி. விமர்சனத்துக்குக் கேட்டபோது அவன்தான் மாட்டினான். சிவப்பில் கறுப்பை, கறுப்பில் சிவப்பை. ஒரு பெட்டி காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, அடித்தொனியான பேஸ் செத்துப்போயிருக்கிறது; குரலும் நடுவில் நிற்காமல் அலைந்திருக்கிறது. கற்றுக்குட்டிகூட முதலில் பார்க்கிற இடம் அது. ஊரார் பெட்டிக்கெல்லாம் நொட்டை சொல்கிறவன் பார்க்கவில்லை.

ஒயர் இப்போது சரியாக இருக்கிறது. அவன் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடப் பெயர் பிழைத்துவிடும்.

ரத்தத்தை விழுங்கினான்.

“தப்பு என்னுதுங்ணா. ஒயர மாத்தி மாட்டிப்போட்டேன். பொட்டி அருமையா இருக்குதுங்க. இன்னைக்கே எழுதிப்போடறேன்.”

குழந்தைவேலு அவனையே பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது.

“அடி ஒதவற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டாங்கறது சரியாத்தான் இருக்குது.”

“இல்லீங்ணா, நெசமாலுமே...”

“மூணு அடிக்கே பொய் சொல்லிப்போட்டியேடா. அப்ப, நீ மொதல்ல எழுதுனதுதான் நெசம்.”

பெட்டி சரியில்லையோ என்கிற பயம் அவருக்குள் நாலு வருடமாகவே இருந்திருக்க வேண்டும். குரல் உடைந்துவிட்டது.

இடது பெட்டியின் முன்னால் மண்டியிட்டார். அதன் காகிதக் கூம்புக்குள் முஷ்டியை இறக்கினார். காகிதம் கிழிந்தது. மறுபடியும் இறக்கினார். விரல்முட்டியில் தோல் உரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

பாடுகிறவள் வலப்பக்கம் ஒதுங்கினாள்.

அவர் முஷ்டியோடு வலது பெட்டியை நோக்கித் திரும்பினார்.

அவன் பாய்ந்து எழுந்தான். பலம்கொண்ட மட்டும் அவர் கன்னத்தில் அறைந்தான்.