மூன்றரை நிமிடம்

ஒலி நூலகத்தின் பதிவறையில் அந்த வெள்ளிக்கிழமை காலை இருந்தவர்கள் நான்கு பேர். தலைவி, செயலாளர், பொருளாளர், பதிவு வேலை பார்க்கும் அக்கா.

செயலாளர் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பா; உள்ளே ஃபைல்களை நகலெடுத்து வைக்கும் புது டிரைவ். இன்னும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு முன் நாலு வார்த்தை பேச வேண்டாமா?

"பதினாலு மாடல் பார்த்தேன். அட்டவணை போட்டேன். அஞ்சு சூடாகுது. ஆறு, பெரிய ஃபைல் ஏத்தினா பாதியில மூச்சு வாங்குது. ரெண்டுக்கு வாரண்டி சரியில்ல. கடைசியா நின்னது இது ஒண்ணுதான். செகண்டுக்கு ரெண்டாயிரம் எம்.பி.!"

பொருளாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நம்ம கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் தாங்குமா?"

"அதுக்குத் தோதா புது கம்ப்யூட்டர் வாங்குறதை அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

தலைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

விஷயம் என்னவோ சிரிக்கிற விஷயமில்லை. பார்வையற்றவர்களுக்காகப் பதிவு செய்த அறுபத்தாறு புத்தகங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் தனியாகச் சேர்த்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கேட்பவர்கள் இங்கேயே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். வெளியே ஒரு நகல்கூடக் கிடையாது. அத்தனையும் ஒரே பள்ளி ஆசிரியர் வாசித்தவை. போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதோடு அவருக்குக் குரல் போய்விட்டது.

டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்து நாலு வாரம் ஆகிறது. முதல் கூட்டத்திலேயே அக்கா கேட்டாள். "ஏதாவது ஒரு டிரைவ்ல இப்போதைக்குப் போட்டு வைக்கலாமா சார்?"

"அவசரப்படக் கூடாதும்மா. வேகமானதாப் பார்த்து நிதானமா வாங்கணும்" என்றார் செயலாளர். நிதானமாக நான்கு கூட்டம் போட்டார்.

இப்போது டப்பாவைப் பிரித்தார். டிரைவைச் செருகினார். "கணக்குப்படி அறுபத்தாறு புத்தகமும் மூன்றரை நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்குங்க."

கம்ப்யூட்டர் எழுந்தது. கடகட சத்தம் இல்லை.

"சத்தமே காணோமே. சரியாயிடுச்சோ?" என்றார் பொருளாளர்.

சத்தம் மட்டுமல்ல, திரையில் டிஸ்க்கையே காணோம். அணைத்துப் போட்டார் செயலாளர். மறுபடி அணைத்துப் போட்டார். மூன்றாம் தடவை பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினார். புது டிரைவ் மட்டும் காலியாகப் பளிச்சென்று தெரிந்தது.

தலைவியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நாலு வாரம்..." என்று ஆரம்பித்தார்.

செயலாளர் அக்காவின் பக்கம் கையை நீட்டினார். பேச்சு தன் பக்கம் வருவதற்குள் வேறு பக்கம் திருப்பியாக வேண்டும்.

"எல்லாம் இவங்களாலதான்! தினம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு இதுல படம் பார்க்கிறாங்க. டிஸ்க் தேயாம என்ன பண்ணும்? நான் ஒண்ணும் சும்மா விடல. நேத்து மத்தியானம் என் ரூம்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சுக் கேட்டு, மெமோவே குடுத்திருக்கேன்."

"என்னம்மா இது?" என்றார் தலைவி.

"படம் இல்ல மேடம்." அக்கா தன் கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றிய, ஓரம் பெயர்ந்த ஒரு டிரைவை எடுத்து மேஜையில் வைத்தாள். "காப்பி பண்ணிட்டிருந்தேன். என் பொண்ணு தூக்கிப் போட்டது இது, ரொம்ப மெதுவு. நம்ம டிஸ்க்கும் திக்கித் திக்கித்தான் குடுத்துச்சு. ஒரு மத்தியானத்துக்கு மூணு புத்தகம்தான் ஏறும். பாதியில நின்னா மறுபடி முதல்லேருந்து. அதான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்."

செயலாளருக்குப் போன உயிர் வந்தது. 'நிர்வாகத்தின் முன்யோசனையால்' என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்ல வந்தேன் சார். குறுக்கே பேசாதேன்னீங்க."

பொருளாளர் பேனாவைத் திறந்தார். "எத்தனை மத்தியானம்?"

"இருபத்தொண்ணு சார்."

"அப்ப அறுபத்துமூணுதான் ஆகுது."

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. "இவ்வளவு தூரம் பண்ணினவங்க, மிச்சத்தையும் முடிச்சிருக்கக் கூடாதா?"

"நேத்தோட முடிஞ்சிருக்கும் சார்" என்றாள் அக்கா. "அந்த ஒரு மணி நேரமும் உங்க ரூம்ல நின்னுட்டிருந்தேன். மீதி மூணும் அதோட போச்சு."